ஒருக்கா பின்னுக்குப் போங்க, மல்லி

அந்த அக்காவின் ஆள்காட்டி விரலை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

விரலில் ஒரு குற்றமும் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டிய, மோதிரம் இல்லாத, சாதாரண விரல். நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிறு காலைகளில் பறவைகளைப் படமெடுக்கப் போவோம். வெயில் ஏறியதும் ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்தி, அவரவர் கமராவின் பின்பக்கத் திரையில் அன்றைக்கு எடுத்ததைத் தட்டித் தட்டிப் பார்ப்போம். நல்ல படம் வந்தால் நிற்போம், பழுதானது வந்தால் தாண்டிப் போவோம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நான் தாண்டிப் போகும்போது மட்டும் பக்கத்துக் கதிரையிலிருந்து அந்த விரல் நீண்டு வரும்.

“ஒருக்கா பின்னுக்குப் போங்க, மல்லி.”

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த அக்காவுக்குத் தன்னைவிட ஒரு நாள் இளைய ஆண் எவனும் மல்லிதான், அவன் தமிழனாக இருந்தாலென்ன, சிங்களவனாக இருந்தாலென்ன. எனக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. வெள்ளவத்தையில், காலி வீதியில், சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் எல்லோருக்கும் நான் சேர். அக்காவுக்கு மல்லி.

பழுது என்று நான் தாண்டியதிலேயே போய் நிற்கச் சொல்லுவார். நிற்பேன், வேறென்ன செய்வது. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை பார்ப்பார். பிறகு “ம்” என்பார். அவ்வளவுதான். எதற்கு நிற்கச் சொன்னார், அதில் என்னத்தைக் கண்டார் என்று ஒரு சொல் சொல்லமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தொழிலையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கிறவன். ‘இது தெளிவா, இல்லாட்டி இதுவா?’ என்று விடிந்தால் பொழுதுபட்டால் கேட்டுக்கொண்டிருப்பவன். மங்கலாகத் தெரிகிறது என்று படியேறி வருகிற ஆட்களைத் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லவைத்து இறக்கி அனுப்புவதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்டவன் ஒரு மங்கல் படத்துக்கு என்ன மரியாதை கொடுப்பான்?

பறவை குந்தியிருக்கும்போது யாரும் படமெடுக்கலாம். அது கிளம்புகிற கணம்தான் பரீட்சை. கொக்கு உடம்பை முன்னுக்குத் தாழ்த்தும், காலை மடித்து ஒரு உதை உதைக்கும், அதற்குள் இரண்டு தரம் சிறகை அடித்துவிடும். அந்த அடியை அப்படியே பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் கமராவின் ஷட்டர் ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குள் திறந்து மூட வேண்டும். மெதுவாக மூடினால் சிறகு கலங்கிப் போகும், தண்ணீரில் மை விட்ட மாதிரி. நான் நிறுத்துவேன். என் மீன்கொத்தியின் இறகை எண்ணலாம். அதன் கண்ணுக்குள் தலங்கம குளத்தின் கரையே தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அக்காவிடம் இருந்தது அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போன பழைய கமரா. அதைச் சாப்பாட்டுப் பையொன்றில், துவாயில் சுற்றி, பஸ்ஸில் கொண்டு வருவார். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கணவர் இல்லை, ஒரே மகள் இத்தாலியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் போய்விடுவார், ஞாயிறு காலை எங்களோடு வருவதற்காக. பங்குச் சுவாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சிரிப்பார்.

அவருடைய படங்கள் எல்லாமே அசைந்திருக்கும். கை நடுங்கி அசைந்தது இல்லை, அதை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். வேண்டுமென்றே ஷட்டரை மெதுவாக வைப்பார். பறவை கிளம்பும்போது அதனோடு சேர்ந்து தானும் இடுப்பிலிருந்து திரும்புவார். கண்ணோ அலகோ ஒரு இடம் தெளிவாக விழும், மற்றதெல்லாம் இழுபட்டுப் போகும். பேரை வாவியில் ஒரு கூழைக்கடா தண்ணீரை உதைத்து எழும்புவதை எடுத்திருந்தார். அதன் முகம் மட்டும் கொஞ்சம் கோபமாக, துலக்கமாக இருந்தது. சிறகு இரண்டும் வெள்ளை வெள்ளையாகப் படத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபோது என் முகத்தில் தண்ணீர் தெறித்த மாதிரி இருந்தது. கமராவைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் கூட்டத்தில் பெரிய லென்ஸ் வைத்திருந்தவர் பொரளையில் கண் கிளினிக் நடத்தும் ஒரு டொக்டர். சிங்களவர், நல்ல மனிதர். என் படங்களைக் காட்டினால் “ஷார்ப், ஷார்ப்” என்று தலையாட்டிவிட்டுக் கட்லட்டைக் கடிப்பார். அக்காவின் கூழைக்கடாவைப் பார்த்து மனிதர் கட்லட்டைத் தட்டில் வைத்துவிட்டார். “நியமய்” என்றார். சிங்களத்தில் அதற்கு மேலே ஒரு பாராட்டு எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடிப்பித்து, நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் மாட்டிவிட்டார். கண் பழுதாகி வருகிற சனம் அந்த மங்கலைப் பார்த்தால் கண் வருத்தம் முற்றிவிட்டது என்றல்லவா பயப்படும்? அதை டொக்டரிடம் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரித்தார். படத்தைக் கழற்றவில்லை.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு விருப்பமில்லை. வயிறு எரிந்தது. எவ்வளவு படித்து, எவ்வளவு விடியலுக்கு எழும்பி, முழங்கால் தேயச் சேற்றில் படுத்து எடுக்கிறேன் நான். இந்த மனிசி துவாயில் சுற்றிய கமராவோடு பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு காலைக்கு நாலைந்து தரம் அழுத்திவிட்டு, மீன் வைத்த மாலு பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும்.

மட்டக்குளிக்குப் பக்கத்தில் காக்கைதீவுக் கடற்கரையில் ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் நின்றார். கரையில் இழுத்துப் போட்ட வள்ளமொன்றின் விளிம்பில் வெள்ளைக் கொக்கு. நான் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். அக்கா மெல்ல, “இப்ப” என்றார். சொல்லி வாய் மூட முன்னம் கொக்கு எழும்பிவிட்டது.

“எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அது எச்சம் போட்டிச்சே மல்லி, பாக்கலையா? பாரத்தக் குறைச்சிட்டுத்தான் கிளம்பும். எங்கட ஆளுங்க தூரப் பயணம் போக முந்தி கக்கூசுக்குப் போற மாதிரி.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அது தெரியும், புத்தகத்திலேயே இருக்கிறது. தெரிந்தும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம். நான் திரையின் ஓரத்தில் இலக்கங்கள் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்குப் போனதும் எல்லோருடைய லென்சும் வானத்தில் அதன் பின்னால் திரும்பின. அக்கா மட்டும் வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொக்கு உதைத்த உதையில் விளிம்பில் கிடந்த கயிற்று முனை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பறவை போன பிறகும் அது குந்தியிருந்த இடத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. ஒரு கொப்பு என்றால், அது ஆடி அடங்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார்.

ஒரு தரம் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தார். கதிரையில் இருத்தி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, எழுத்துப் பலகையைக் காட்டினேன்.

“இது தெளிவா அக்கா, இதுவா?”

“ரெண்டும் வடிவுதான்.”

“வடிவு இல்ல அக்கா, எது தெளிவு?”

“முன்னுக்குப் போட்டதில அந்தக் கடைசி வரி, பனிக்குள்ள சனம் நிக்கிற மாதிரி இருந்திச்சு. அதை ஒருக்கா திரும்பப் போடுங்க, பாப்பம்.”

இருபது வருடத் தொழிலில் மங்கலாகத் தெரிகிற லென்சைத் திரும்பக் கேட்ட வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு கடைக்குள் வந்தார். கடையிலிருந்து எங்கள் ஃபிளாட்டுக்கு நடை தூரம்தான். அம்மா யாழ்ப்பாணத்தார், லேசில் ஒருவரோடும் ஒட்டமாட்டார். அக்காவோடு பத்து நிமிடத்தில் ஒட்டிவிட்டார். “கொட்டாஞ்சேனைப் பிள்ளை” என்று அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. அம்மாவுக்கு எழுபத்தைந்து, பிள்ளைக்கு ஐம்பது. நான் பரிசோதனையை எந்த லென்ஸில் முடித்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

இனி அம்மாவின் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஹோலில் ஒரு சுவர் முழுக்க அம்மாவின் ஆட்சி. நடுவில் மாலை போட்ட அப்பா. ஒரு பக்கம் நல்லூர் முருகன், மறுபக்கம் தங்கச்சியின் பட்டமளிப்பு, என் கல்யாணப் படம், கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகள். புடவைக்கடைக் கலண்டருக்குக்கூட அங்கே ஆணி உண்டு. என் பறவை ஒன்றுக்கு இல்லை. நல்ல பிறேம் போட்டு மூன்று நாலு கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தேன். “வடிவாயிருக்கு தம்பி” என்று அம்மா வாங்கி, என் அறைக்குள் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொக்கு என்னத்துக்கு என்று ஒரு நாள் கேட்டும்விட்டார். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்கு டொக்டரின் கிளினிக் வேண்டாம், யாருடைய பரிசும் வேண்டாம். அந்தச் சுவரில் என் படம் ஒன்று ஏற வேண்டும். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஒரு ஆண்பிள்ளைக்கு இதென்ன ஆசை என்றால், எனக்கும் தெரியாது. ஆனால் இருந்தது.

அந்த வருடம் அப்பாவின் திவசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அம்மா, “அந்தப் பிள்ளையையும் சாப்பிட வரச்சொல்லு” என்றார். அக்கா கதலி வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு வந்தார். வேதக்காரர் இதெல்லாம் பார்ப்பாரோ என்று மனைவிக்கு ஒரு யோசனை. அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நேரே குசினிக்குள் போய் வாழையிலை துடைக்கத் தொடங்கிவிட்டார்.

படைத்து முடிந்ததும் காகத்துக்குச் சோறு வைக்க மொட்டைமாடிக்குப் போனோம். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மதிலின் மேல் இலையை வைத்து, சோறும் பருப்பும் வடையும் வைத்து அம்மா “கா, கா” என்று கூப்பிட்டார். கொழும்பில் காகத்துக்குப் பஞ்சமா? மற்ற நாட்களில் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். அன்றைக்கென்று ஒன்றையும் காணோம். அம்மா கூப்பிடுகிறார், கூப்பிடுகிறார், ஒன்றும் வரவில்லை. அம்மாவின் குரல் உடையத் தொடங்கியது. “என்னோட என்ன கோவமோ தெரியேல்லை மனுசனுக்கு” என்றார். நான் கமராவோடு நின்றேன். அக்காவும் தன்னுடையதைத் துவாயிலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார்.

கடைசியில் ஒன்று வந்தது. மதிலில் இறங்கி, இப்படியும் அப்படியும் பார்த்து, ஒரு வாய் சோறு கொத்தி, கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு என்ன, ஒரு படையே வந்து இலையைக் கிழித்து எறிந்தது. நான் மாறி மாறி எடுத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வந்து சாப்பிட்டிட்டுப் போட்டார்” என்றார். பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

பந்தி முடிந்து மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருந்தபோதே நான் படங்களைக் கணினியில் ஏற்றி, நல்லதைத் தெரிந்தெடுத்தேன். ஒன்று அருமையாக விழுந்திருந்தது. காகம் மதிலைவிட்டு ஒரு சாண் எழும்பி, சிறகை முழுதாக விரித்து நிற்கிறது. கழுத்தின் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனி. அலகில் மூன்று பருக்கைச் சோறு. அதைப் பெரிதாக அடிப்பித்து, நல்ல கறுப்புப் பிறேம் போட்டு, அம்மாவின் கையில் கொடுத்தேன். இந்த முறை ஏறும் என்று ஆணிகூட வாங்கி வைத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கனநேரம் பார்த்தார்.

“காகம் நல்ல வடிவாத்தான் இருக்கு” என்றார். “ஆனா தம்பி, இது போகேல்லை. கட்டித் தூக்கின மாதிரி அப்பிடியே நிக்குது. அப்பா சாப்பிட்டிட்டுப் போனவரெல்லே?”

அதுவும் அலுமாரிக்கு மேலே போயிற்று.

இரண்டு கிழமை கழிந்திருக்கும். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். ஹோலில் கால் வைத்ததுமே கண்டுவிட்டேன். அப்பாவின் படத்துக்கு நேர் கீழே, புதிதாக ஒன்று. இலையின் ஒரு முனை காற்றில் தூக்கி நிற்கிறது. அதற்கு மேலே கறுப்பாக ஒன்று, கரி பூசிய கையால் சுவரைத் தடவிய மாதிரி, சரிந்து, படத்தின் மேல் மூலையால் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அலகும் அலகிலிருக்கும் ஒரு பருக்கைச் சோறும் மட்டும் தெளிவு. மதில் இருக்கிறது, வானம் இருக்கிறது, காகம் போய்விட்டது, ஆனால் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவு நல்ல படம் அது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

“ஆர் கொண்டு வந்தது?” என்று கேட்டேன், தெரியாத மாதிரி.

“கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான். காலமை வந்து தந்திட்டுப் போகுது. நல்லாயிருக்கெல்லே?”

“ஓம்” என்றேன். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழும்பினேன். நான் வாங்கிய ஆணியைத்தான் அடித்திருந்தார்கள்.

அதோடு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டேன். கடையில் வேலை, தலையிடி, விருந்தினர் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டு. அக்கா நாலைந்து தரம் போன் எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. நான் தனியாகத் தலங்கமவுக்குப் போய் எடுத்தேன், இன்னும் தெளிவாக எடுத்தேன். ஒரு நாள் யாரும் பார்க்காத இடத்தில் ஷட்டரை அவரைப் போல மெதுவாக வைத்தும் பார்த்தேன். வந்ததையெல்லாம் வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழித்தேன். கண்ணறாவியாக இருந்தது.

வீட்டில் நான் சாப்பிடும் கதிரை அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. இடம் மாற்றிக் குந்தினேன். மனைவி ஏன் என்று கேட்டாள், காற்று வருகிறது என்றேன்.

சில மாதம் கழித்து அக்கா கடைக்கே வந்தார். மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறதாம், இத்தாலிக்குப் போகிறாராம், இனி அங்கேதானாம். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். கையில் ஒரு லவ் கேக் பெட்டி.

“அந்தக் காகத்த அம்மா இன்னும் மாட்டியிருக்காங்களா?”

“ஓம்.”

“உங்களுக்குப் பிடிச்சிச்சா, மல்லி?”

பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, பிடித்தது என்று சொல்லவும் வரவில்லை. “பரவாயில்லை” என்றேன்.

“பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாய்விட்டுச் சிரித்தார். “நீங்க ஒரு ஆள்தான்” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காலி வீதியில் இறங்கி பஸ்ஸுக்குக் கை காட்டினார். அந்தச் சிரிப்பு எனக்கு நக்கலாகப் பட்டது. கேக்கைக் கடைப் பெடியன்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். போன மாதம் தங்கச்சி கனடாவிலிருந்து வந்தாள். பயணப் பையை வைத்ததும் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றவள், கீழே இருந்த காகத்தில் கண் போய், அப்படியே அழத் தொடங்கிவிட்டாள். இந்தப் படம் தனக்கும் வேண்டுமாம், அங்கே திவசத்துக்குப் படைத்துவிட்டு முன்னால் வைக்க.

“தம்பி எடுத்ததுதானே, அவனட்டக் கேள்” என்றார் அம்மா.

எனக்குச் சுரீர் என்றது. வயது போகிறது, மறதி என்று நினைத்தேன். ஆனாலும் இன்னொரு ஆளின் படத்தை என்னுடையது என்று சொல்ல விடுவேனா? அவ்வளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

“நான் இல்லை அம்மா. அந்த அக்கா எடுத்தது. அவ தானே கொண்டு வந்து தந்தவ.”

“தந்தது அவதான். எடுத்தது நீயெண்டு சொல்லித்தானே தந்தவ. ‘உங்கட மகன் எடுத்த படம் ஆன்ரி, நான் அடிப்பிச்சுக் கொண்டு வந்தன்’ எண்டு இந்தக் கதிரையிலதான் இருந்து சொன்னவ.”

“நீங்கள் மாறி விளங்கியிருக்கிறியள்.”

“எனக்கென்ன விசரே? உன்ர படமெண்டபடியால்தான் அப்பாவுக்குக் கீழ போட்டனான்.”

தங்கச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணா, நம்பர் இருக்கெல்லே? அவவிட்டையே கேளுங்கோவன்” என்றாள். மூன்று வருடமாக ஒரு நத்தார் பண்டிகை வாழ்த்துக்கூட அனுப்பாத ஆளுக்கு, தங்கச்சியின் முன்னால் குந்தியிருந்து, அந்தக் காகப் படத்தை அனுப்ப முடியுமா, தங்கச்சி கேட்கிறாள் என்று எழுதினேன். சுகம் விசாரிக்கவும் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. பின்னணியில் ஒரு குழந்தை கரண்டியால் எதையோ அடித்துக்கொண்டிருந்தது.

“மல்லி, எப்பிடி இருக்கீங்க? அம்மா சுகமா? அந்தப் படம் உங்கட்டயே இல்லையா? அது நீங்க எடுத்ததுதானே. அன்டைக்கு சாப்பிட்டுக் கிளம்பக்குள்ள, என்ட கமராட மெமரி காட் மக்கர் பண்ணுதுன்டு சொன்னேன், நீங்க உங்கட கமராவில இருந்த காட்ட கழட்டித் தந்தீங்க, மறந்திட்டீங்களா? நல்லதெல்லாம் எடுத்தாச்சு, உள்ளுக்குக் கிடக்கிறது குப்பை, அழிச்சிட்டுப் பாவிங்கன்டு சொன்னீங்க. நான் அழிக்க முந்தி ஒருக்கா பாத்தேன். முதல் வந்த காகம் மல்லி அது, அம்மா அழுதாங்களே, அது. நான் அன்டைக்கு ஒன்டுமே எடுக்கல்ல, அம்மாவத்தான் பாத்திட்டு நின்டேன். இருங்க, அனுப்புறேன்.”

அனுப்பினார். கணினியில் திறந்தேன். என் கமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் என் பெயரைப் பதியும்படி நான்தான் அமைத்து வைத்திருக்கிறேன், யாரும் திருடக்கூடாதென்று. திறந்து பார்த்தால் என் பெயர். ஷட்டர் வேகம் ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு. அப்போதுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. அன்று காலை சாமியறைக்குள், விளக்கு வெளிச்சத்தில், அப்பாவுக்குப் படைத்ததைப் படமெடுப்பதற்காக ஷட்டரை மெதுவாக்கியிருந்தேன். மேலே போன அவசரத்தில் அதை மாற்ற மறந்துவிட்டேன். முதல் காகம் போன பிறகுதான் கவனித்து, என்னையே திட்டிக்கொண்டு, வேகத்தைக் கூட்டினேன். நான் பெரிதாக அடிப்பித்துக் கொடுத்தது பிறகு வந்து இலையைக் கிழித்த கூட்டத்தில் ஒன்று. அம்மாவுக்காக வந்துவிட்டுப் போன காகத்தை நான் பெரிதாக்கிப் பார்த்து, கண் தெளிவில்லை என்று ஒதுக்கியிருக்கிறேன்.

“பாத்தியா, நான் சொன்னனான்” என்று அம்மா தங்கச்சியிடம் சொன்னார். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவிகூட எட்டிப் பார்த்து, “இதுக்கோ நீங்கள் இடம் மாறி இருந்து சாப்பிட்டனீங்கள்?” என்றாள்.

சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? மூன்று வருடமாகச் சுவரில் தொங்கியது என் படம். என் படம் என்பதற்காகவே அம்மா அதை அங்கே போட்டிருக்கிறார். நான் கேட்டது கிடைத்துத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றெரிச்சல் குறையவில்லை, கூடியது. முந்தி அக்காவின் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அது என்னுடையதாகிவிட்டது, பொறாமை மட்டும் அவரிடமே நிற்கிறது. என் கமராவில், என் கையால், என் அப்பாவின் திவசத்தில் எடுத்ததை, வேறொரு வீட்டுப் பெண் பஸ்ஸிலோ எங்கேயோ இருந்து பார்த்து, இதுதான் என்று நிறுத்தியிருக்கிறார். அந்தக் கண்ணை எந்தக் கடையில் போய் வாங்குவது?

அன்று பின்னேரம் தங்கச்சியும் அம்மாவும் கோயிலுக்குப் போன பிறகு, கணினியில் என் பழைய படங்களைத் திறந்தேன். வருடம் வருடமாக அடுக்கி வைத்திருக்கிறேன். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, செம்பருந்து. ஒன்றில்கூட ஒரு இறகு கலங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே கதிரையில் இருந்து, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, கண் தெளிவா என்று பார்த்து, இல்லாததையெல்லாம் அழித்திருக்கிறேன். அழித்தபிறகு கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுவேன், அதில் நான் வலு சுத்தம்.

அந்த ஒரு காட் மட்டும்தான் அக்காவின் கைக்குப் போனது. மற்ற எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன்.